பத்து வாட்டும் ஒரு பந்து மெழுகு நூலும்

பெரியவர் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "இதைப் பிளக்கில் சொருகிப் பார்த்தீர்களா?" என்பதுதான். இல்லை என்றார். சற்று யோசித்துவிட்டு, "இருபது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை" என்றார்.

"என்ன ஆயிற்று?"

"வீட்டில் எல்லா விளக்கும் அணைந்தது."

நான் இருப்பது பர்க்கன்ஹெட்டில். மெர்சி ஆற்றுக்கு இந்தக் கரை நாங்கள், அந்தக் கரை லிவர்பூல். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது வேலை. ஓய்வு நாட்களில் பழைய வால்வு ரேடியோக்களோடு (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்) மல்லுக்கட்டுவது வழக்கம். பெரியவர் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். வயது 81. 1961 முதல் 1965 வரை ஒரு பீட் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். குழுவின் பெயரைச் சொன்னால் இந்த ஊரிலேயே நாலு பேருக்குத்தான் தெரியும் என்று அவரே சிரிப்பார். இசைத்தட்டு ஒன்றுகூட வெளிவரவில்லை. அன்றைக்கு இரு கரையிலும் இப்படிப்பட்ட குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பில் ஹாரி என்ற கலைக்கல்லூரி மாணவர் 1961 ஜூலையில் 'மெர்சி பீட்' என்று ஒரு பத்திரிகையே இவர்களுக்காகத் தொடங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் அந்தக் கும்பலில் ஒரு குழு. மற்றவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வாசித்தார்கள்.

நவம்பரில் தேவாலய மண்டபத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. குழுவில் மிச்சம் இருப்பது இருவர். இருவரும் வாசிக்கப் போகிறார்கள். வாடகைக்கு நல்ல ஆம்ப்ளிஃபயர் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இதில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம். இது அவருடைய அண்ணன் கையால் செய்தது. அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

பின்பலகையின் எட்டுத் திருகாணிகளில் ஏழு ஒழுங்காக வந்தன. எட்டாவதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே அலுமினியச் சட்டத்தின் மேல் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், ஐந்து வால்வுகள். வால்வுகளை எண்ணியதுமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. 1950களின் நடுவில் முல்லார்டு நிறுவனம் தன் வால்வுகளை விற்பதற்காகவே ஒரு சுற்றுப்படத்தை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட். அதனால் பெயரும் 'ஃபைவ்-டென்'. முன்னால் ஓர் இ.எஃப். 86, நடுவில் ஓர் இ.சி.சி. 83, கடைசியில் ஜோடியாக இரண்டு இ.எல். 84, மின்சாரத்தை நேராக்க ஒரு ரெக்டிஃபயர் வால்வு. வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்கென்று வரைந்த படம் அது. பிரிட்டன் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் சமையலறை மேசையில் அதைச் செய்தார்கள். அவர்களில் சிலருக்குக் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் இருந்தார்கள்.

வால்வின் கண்ணாடி அடியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற சாம்பல் நிற எழுத்துகள் இருக்கும். இ.எல். 84 இரண்டிலும் 'பி2கே3' என்றிருந்தது. பி என்றால் லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன் தொழிற்சாலை. 2 என்பது ஆண்டின் கடைசி இலக்கம். கே என்றால் பதினோராவது மாதம். 3, மூன்றாம் வாரம். 1952இல் இந்த வால்வே சந்தைக்கு வரவில்லை. 1972இல் பெரியவருக்குக் குழு கிடையாது. ஆகவே 1962 நவம்பர் மூன்றாம் வாரம். "ஆமாம், அந்தக் குளிர்காலத்தில்தான் செய்தான்" என்றார் பெரியவர். 1962 டிசம்பரில் விழுந்த பனி மார்ச் வரை உருகாமல் கிடந்த குளிர்காலம் அது. வெளியே போக வழியில்லாதவன் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்ததில் வியப்பில்லை.

சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் எதையும் தொடவில்லை.

வயர்களெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து, மூலைகளில் ஒரே வளைவாக வளைந்து ஓடின. கட்டின் நெடுக, மெழுகு பூசிய நூலால், அரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் பூத்தொடுத்தது போலத் தொடுத்திருந்தது. எந்த வயர் எங்கே பிரிய வேண்டுமோ சரியாக அந்த முடிச்சில் பிரிந்தது. வீட்டில் விளையாட்டாக ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் இப்படிக் கட்டமாட்டார்கள். இந்த வேலையை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். என் அப்பா தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்ச் மெக்கானிக். பள்ளி விடுமுறையில் அவரோடு போனால், ஆளுயர ரேக்குகளுக்குப் பின்னால் இதே மெழுகு நூல், இதே அரை அங்குலம்.

"உங்கள் அண்ணன் டெலிபோனில் வேலை பார்த்தாரா?" என்று கேட்டேன்.

பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எட்ஜ் லேனில். ஸ்ட்ரோஜர் ஒர்க்ஸ். வயரிங் பிரிவு. உனக்கு எப்படித் தெரியும்?"

எட்ஜ் லேன் லிவர்பூலின் கிழக்குப் பக்கம். ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை அங்கே இருந்தது. உலகெங்கும் தானியங்கித் தொலைபேசி நிலையங்களைச் செய்து அனுப்பிய இடம். 1948இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டபோது தொழில்நுட்ப ஒப்பந்தம் இந்த லிவர்பூல் நிறுவனத்தோடுதான். அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்த சுவிட்சுகளின் பூர்வீகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரயிலில் போனால் அரை மணி நேரத்தில் இருக்கிறது என்பது, இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து ஓர் ஆம்ப்ளிஃபயரின் அடிவயிற்றைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். பீட்டில்ஸ் பற்றி நான் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலையே பார்த்தார். "பழைய ரேக்கில் லிவர்பூல் என்று தகடு அடித்திருக்கும், தம்பி. அந்த ஊரா நீ இருப்பது?" என்றார். பிறகு, "நூலை மட்டும் அறுத்துவிடாதே."

நான் அறுத்தேன். அது பின்னால் வருகிறது.

இந்தக் குழுக்களின் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பது அந்தக் காலத்துப் பாட்டுகளைவிட எனக்குச் சுவையான கதை. டாலரைச் சேமிப்பதற்காக அமெரிக்க இசைக்கருவி இறக்குமதிக்கு 1959 வரை பிரிட்டனில் தடை. ஆரம்பத்தில் ஸ்கிஃபில் என்ற எளிய இசை. பேஸுக்குத் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் கம்பும் ஒரு கயிறும் கட்டினால் போதும். இலங்கையிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலை வந்திறங்கும் துறைமுகத்தில் அந்தப் பலகைப் பெட்டிக்கு என்ன பஞ்சம்? பெரியவரும் 1957இல் அதில்தான் தொடங்கினாராம். மின்சாரக் கிட்டார் வந்தபோதுதான் பணத்தின் பேச்சு எழுந்தது. ஸ்டான்லி தெருவில் ஹெஸ்ஸி கடையில் தவணைக்குக் கொடுப்பார்கள். பீட்டில்ஸே அங்கே பாக்கி வைத்திருந்தார்கள். பிரையன் எப்ஸ்டைன் மேலாளராக வந்த பிறகுதான் அந்தக் கடன் அடைந்தது. டார்ட்ஃபோர்டில் செய்த வாக்ஸ் ஏ.சி. 30 ஆம்ப்ளிஃபயர் எல்லார் கனவிலும் இருந்தது. ஒரு பயிற்சித் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம்.

பேஸ்காரனுக்குத் தொல்லை இரட்டிப்பு. கிட்டாருக்குச் செய்த பெட்டியில் பேஸை விட்டால் ஒலிபெருக்கி கிழிந்துவிடும். பிக் த்ரீ குழுவின் ஏட்ரியன் பார்பர் இதற்குக் கடையை நம்பவில்லை. ஆளுயரத்துக்குப் பலகைப் பெட்டி அடித்து அதில் பெரிய ஒலிபெருக்கியைப் பொருத்தினார். ஊரார் அதற்கு வைத்த பெயர் 'சவப்பெட்டி'. பால் மெக்கார்ட்னியும் அவரிடம் ஒன்று செய்து வாங்கிக்கொண்டார். (தானியங்கித் தொலைபேசி சுவிட்சைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்கு நடத்தும் தொழில் செய்தவர். லிவர்பூலுக்கும் சவப்பெட்டிக்கும் ஏதோ பொருத்தம்.) 1962 ஜூன் 6 அன்று லண்டனில் இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு பீட்டில்ஸ் முதன்முதலாகப் போனபோது, பேஸ் ஆம்ப்ளிஃபயர் பதிவுக்குத் தேறாது என்று பொறியாளர்கள் கைவிரித்தார்கள். கென் டவுன்சென்ட் எதிரொலி அறையிலிருந்த டனாய் ஒலிபெருக்கி ஒன்றை இழுத்து வந்து, 'லீக்' நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குச் சாக்கெட் பற்றவைத்துச் சமாளித்தார். ஜான் லெனனின் பெட்டி கடகடவென்று ஆடியதால் அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். உலகப் புகழின் வாசற்படியில் நிலைமை இது. அப்படியிருக்க, பர்க்கன்ஹெட் பையன் ஒருவனுக்கு அண்ணன் செய்து கொடுத்த பத்து வாட் என்பது ராஜயோகம்தான்.

இனி வேலை.

முதலில் விளக்கணைந்த மர்மம். மின்சார வயர் இரண்டு இழை முறுக்கு வயர். ரப்பர் உறை பழைய பிஸ்கட் போல உதிர்ந்து, சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இரண்டு செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நல்லவேளை, ஒன்றையொன்றுதான் தொட்டன. சட்டத்தைத் தொட்டிருந்தால், எர்த் இல்லாத அந்தப் பெட்டியில், கிட்டார் கம்பி வரைக்கும் 240 வோல்ட் வந்திருக்கும். வயரின் மறுமுனையில் பல்பு ஹோல்டரில் மாட்டும் அடாப்டர். நம் வீடுகளில் ஒருகாலத்தில் இஸ்திரிப் பெட்டிக்கு மாட்டியது போல. பெரியவர் ஒரு தகரடப்பாவையும் கொண்டுவந்து காட்டினார். உள்ளே விதவிதமான பிளக்குகள். ஒவ்வொரு மண்டபத்திலும் ஒவ்வொரு விதமான துளை. சதுர முள் பிளக் 1947இலேயே வந்துவிட்டாலும் பழைய மண்டபங்களில் உருண்டை முள்தான். அந்த உருண்டை மூன்று முள் பிளக்கைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்தது. ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் இருப்பது அதுதான்.

"பாடகனுக்கு உதட்டில் ஷாக் அடிக்கும். மைக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வான்" என்று பெரியவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை. 1972 மே மாதம் ஸ்வான்சீயில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு இறந்தது இதே எர்த் குறைபாட்டால்தான். ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் பழமைக்கு மரியாதை கிடையாது என்று முடிவு செய்தேன். மூன்று இழை வயர், சட்டத்தில் தனி போல்ட் போட்டு எர்த், இரண்டு முனையையும் துண்டிக்கும் சுவிட்ச், ஒரு ஆம்பியர் ஃபியூஸ். பழைய வயரை எடுக்க, சுவிட்சுக்குப் பக்கத்தில் கட்டின் நூலை நான்கு அங்குலம் அறுத்தேன். வேறு வழி இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டர் வேலை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் (கடைசி வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இருப்பது) முதன்மைச் சுருள் ஒரு பாதி 148 ஓம், மறுபாதி 163. வயிறு கலங்கியது; சுருளுக்குள் ஷார்ட் என்றால் கதை முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. ஒரு பாதி உள்ளே சுற்றியது, மறுபாதி அதற்கு மேல் சுற்றியது. வெளிச்சுற்று பெரிதாக இருப்பதால் கம்பி நீளம் அதிகம், ஓமும் அதிகம். சுற்று எண்ணிக்கை சமமாக இருந்தால் போதும். தனியாகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து அளந்தேன், சமம்தான்.

ரெசிஸ்டர்கள் வயதானால் ஓம் ஏறும். 100 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு சொன்ன ஒன்று மீட்டரில் 138 காட்டியது. ஏழு ரெசிஸ்டர்களை மாற்றினேன். மற்றவை நல்ல நிலையில் இருந்தன, விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் மாற்றிப் புதுப்பெண் போல ஆக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே சமயம் பழைய கண்டென்சரின் உள்ளே புதியதை ஒளித்துவைத்து அசல் போலக் காட்டும் கலையும் எனக்கு வேண்டாம். இது அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, மண்டபத்துக்குப் போகிறது.

காகிதக் கண்டென்சர்கள்தான் இந்தக் காலத்துச் சாமான்களின் சாபம். ஈரம் உள்ளே இறங்கி மெதுவாகக் கசியும். நடு வால்விலிருந்து கடைசி வால்வுக்கு ஒலியை மட்டும் விட்டு, நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டிய கண்டென்சர் கசிந்தால், கடைசி வால்வின் கிரிட்டில் (ஒலி நுழையும் முனை) வேண்டாத வோல்ட் ஏறும். வால்வு அளவுக்கு மீறி இழுத்து, உள்ளே தகடு சிவக்கும். இ.எல். 84 இரண்டையும் கழற்றிவிட்டு கிரிட் முனையில் அளந்தேன். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட். பெரியவரின் குழு ஒரு மதியம் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலும் வாசித்திருக்கிறது. பழங்கிடங்கின் அடியிலிருந்த செங்கல் வளைவு நிலவறை அது. கூட்டத்தின் வியர்வை ஆவியாகிக் கூரையில் குளிர்ந்து மேடையில் சொட்டும், ஆம்ப்ளிஃபயர்கள் நின்றுபோகும் என்பது ஊரறிந்த கதை. காகிதக் கண்டென்சருக்கு அதைவிடப் பெரிய நரகம் இல்லை. ஆறு காகிதக் கண்டென்சர்களையும் மாற்றினேன்.

அடுத்தது என் முட்டாள்தனம். மின்சாரத்தின் அலையைச் சமன்படுத்தும் பெரிய தகரக் கண்டென்சர் உலர்ந்துபோயிருந்தது. 50 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில், கையிலிருந்த 100ஐப் போட்டேன். அதிகமாக இருந்தால் உறுமல் குறையும், நல்லதுதானே என்ற எண்ணம். சீரிஸ் போர்டில் (ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைப் பல்பே மட்டுப்படுத்தும் பலகை) 100 வாட் பல்பை மாட்டி மெதுவாக ஏற்றியபோது எல்லாம் ஒழுங்கு. (பழைய இழைப் பல்பு இங்கே கடையில் கிடைப்பதில்லை, அதைத் தேடியதே ஒரு தனிக் கதை. 'சீரிஸ் போர்டு' என்று நம் ஊர் ரேடியோ மெக்கானிக் சொல்லும் எளிய பலகை எத்தனை டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றியிருக்கிறது!) பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். இரண்டாவது முறை சுவிட்சைப் போட்டபோது ரெக்டிஃபயர் வால்வுக்குள் நீல மின்னல் ஒன்று வெட்டியது. ஃபியூஸ் போனது, கூடவே இ.இசட். 81 என்ற அந்த ரெக்டிஃபயர் வால்வும்.

வால்வு ரெக்டிஃபயருக்கு ஒரு வரம்பு உண்டு. முதல் கண்டென்சர் பெரிதாக இருந்தால், அது ஒவ்வோர் அலையின் உச்சியிலும் ஒரேயடியாக இழுக்கும் மின்னோட்டத்தை வால்வின் கேத்தோடு (எலெக்ட்ரான்களை வெளிவிடும் பகுதி) தாங்காது. இந்த வால்வுக்கு 50தான் உச்ச அளவு என்று அதன் விவரத்தாளிலேயே இருக்கிறது. படித்திருக்கிறேன், மறந்துவிட்டேன். பனிக்காலத்து அண்ணன் மறக்கவில்லை. 47 மைக்ரோஃபாரட், புது வால்வு, மறுபடியும் சீரிஸ் போர்டிலிருந்து தொடக்கம். மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்பு 230 முனையில் இருந்தது; எங்கள் தெருவில் 243 வருகிறது. 250 முனைக்கு மாற்றியதும் வால்வு இழைகளுக்கு 6.1 வோல்ட் என்று அமைந்தது. கேத்தோடில் 10.6 வோல்ட், 270 ஓம். கணக்குப் போட்டால் ஒரு வால்வுக்கு 39 மில்லி ஆம்பியர். அறுபது வருடத்து பிளாக்பர்ன் வால்வுகள் இரண்டும் அளவெடுத்தது போல ஒன்றாக நின்றன. அவற்றை மாற்றவில்லை.

இப்படிப்பட்ட சட்டத்துக்குள் கையை நுழைக்கும் முன் கண்டென்சரை ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரால் உறுதி செய்யுங்கள். அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் 300 வோல்ட் காத்திருக்கும். இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், நானும் அப்படித்தான்.

ஒலிபெருக்கி 15 அங்குலம். சுருள் 11.4 ஓம், நல்லபடி. கூம்பில் ஒரு விரல் நீளத்துக்கு ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருந்தது. செய்தித்தாள் துண்டு! விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் விளம்பரப் பத்தி ஒன்றின் பொடி எழுத்துகள். "...ர் பால்ரூம்" என்பது மட்டும் படிக்க முடிந்தது. நியூ பிரைட்டன் டவர் பால்ரூமாகவும் இருக்கலாம், வாலசியின் குரோவ்னர் பால்ரூமாகவும் இருக்கலாம். பெரியவர் டவர் என்றே சாதித்தார். ஆயிரக்கணக்கானோர் ஆடிய அந்தக் கூடம் 1969இல் எரிந்துபோயிற்று. ஒட்டு ஓரத்தில் மட்டும் விட்டிருந்தது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து ஓரங்களில் மட்டும் பொருத்தினேன். எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

எல்லாவற்றையும் இணைத்துக் கிட்டாரைச் சொருகினேன். ஒலி வந்தது, வெதுவெதுப்பான, பருத்த ஒலி. பெரியவரை அழைத்தேன். அவர் வந்து ஒலிக்குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியதும் காதைத் துளைக்கும் வீல் என்ற ஊளை. அணைத்தேன். குமிழைக் குறைத்துப் போட்டேன். பாதி வரை அமைதி, அதற்கு மேல் ஊளை.

இரண்டு மாலை அதிலேயே போனது. வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். பின்னூட்ட வயரைச் சந்தேகப்பட்டேன். சால்டரிங் எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கினேன். மூன்றாம் நாள் சலித்துப்போய் அப்பாவை அழைத்து, பேச்சுவாக்கில் காட்டினேன்.

"அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் என்ன?" என்றார்.

நூல் அறுத்த இடத்தில் வயர்களைப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று, தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்புட் வயரையும் அதே கட்டுக்குள் சேர்த்திருந்தேன்.

"எல்லாவற்றையும் ஒரே கட்டில் போட்டாயா? பேச்சு வயரும் பவர் வயரும் ஒன்றாகப் போகுமா, தம்பி? கட்டினவர் அதை எதற்குச் சுவரோரமாகத் தனியே விட்டார்?"

ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை, ஒலி நுழையும் வயரோடு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். வெளியே போவது உள்ளே திரும்பிவந்து மறுபடி பெருகி ஊளையிடுகிறது. அழகுக்கு என்று நான் நினைத்த நூல் ஒவ்வொரு வயரையும் அதனதன் தூரத்தில் பிடித்துவைத்திருந்தது.

செருப்புத் தைப்பவர்களுக்கான சாமான் விற்கும் கடையில் மெழுகு பூசிய லினன் நூல் ஒரு பந்து கிடைத்தது. கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, அப்பா பார்க்க, நான்கு அங்குலம் தொடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. நூல் வயரைச் சுற்றிவந்து தன் மேலேயே ஏறி இறுக வேண்டும். அடியில் நுழைந்தால் அது வெறும் சுற்று, ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக அவிழும். மூன்று முறை பிரிக்கச் சொன்னார். நடுவில், "அவர் இடது கைக்காரர். முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்கிறது பார்" என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். மறுநாள் பெரியவரிடம் கேட்டால், "ஆமாம், பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறான்" என்றார். என் நான்கு அங்குலம் மட்டும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஊளை போய்விட்டது.

மிஞ்சியது இ.எஃப். 86. பென்சிலால் தட்டினால் மணி போல ஒலிக்கும். ஒலிபெருக்கியின் அதிர்வு வால்வுக்குள் புகுந்து ஒலியாகிறது. வாக்ஸ் நிறுவனமே ஏ.சி. 30இன் முதல் வடிவத்தில் இதே வால்வை வைத்து, அதிர்வுத் தொல்லையால் பிறகு இ.சி.சி. 83க்கு மாறியது. அண்ணனோ வால்வைக் கைவிடாமல், அதன் அடித்தளத்தைச் சிறு தகட்டில் ஏற்றி நான்கு ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டிருந்தார். ரப்பர் இப்போது கல். புதிய வளையங்கள் நான்கு, விலை ஒரு பவுண்டுக்கும் குறைவு. மொத்தச் செலவு 64 பவுண்டு. அதில் 18 என் நீல மின்னலுக்கான தண்டம்.

கடைசியாக ஒலிபெருக்கிக்குப் பதில் 15 ஓம் சுமையை மாட்டி அளந்தேன். 1,000 ஹெர்ட்ஸில் அலை சிதையாமல் 12.2 வோல்ட் வரை போனது. ஏறத்தாழ 10 வாட். முல்லார்டு சொன்ன கணக்கு. பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அங்கே 9.1 வோல்ட்டிலேயே அலையின் தலை சப்பையாகிவிட்டது, ஐந்தரை வாட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு சிறியது, அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு அதற்குள் இடம் இல்லை. அதை மாற்றினால் சரியாகும். மாற்றவில்லை.

பெரியவர் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தார். விரல்கள் மெதுவாகத்தான் ஓடின, ஆனால் தாளம் பிசகவில்லை. பிறகு குமிழை முழுவதும் திருப்பி, தடித்த கம்பியை ஓங்கி அடித்தார். ஒலி கரகரத்தது. முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் கம்பி மட்டும் கிழிகிறது. சரி செய்ய முடியாதா?"

டிரான்ஸ்ஃபார்மர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணனிடமும் அப்போதே இதைச் சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"கிட்டார்காரனை மெதுவாக வாசிக்கச் சொல் என்றான்."